சீனியரின் ஏழாவது பயிற்சி நாள்

அவரைச் சீனியர் என்று முதலில் கூப்பிட்டது மாஸ்டர்தான். மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான அந்தப் பயிற்சி மைதானத்தில் நான்காவது முறையாகப் போய் நின்றபோது, "வாங்க சீனியர், இந்தத் தடவை எனக்கே பாடம் எடுத்துடுவீங்க போல" என்று மாஸ்டர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அவரும் சிரித்துவைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடை முதலாளி வாய்க்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மனைவி கோபமாக இருக்கும்போது மட்டும் அதைச் சொல்லுவாள். "சீனியர் சாப்பிட வரலாம்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் அன்றைக்கு வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவது நல்லது.

வயது ஐம்பத்து நாலு. பன்னிரண்டு வருஷமாக ஒரு மொபெட்டில், பின்னால் சிவப்புப் பெட்டி கட்டி, படுக்கையில் கிடக்கிறவர்களின் வீடுகளுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார். அதற்கு முன்னால் அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் இருந்தார். ஆலையை மூடிய வாரத்தில் கைக்கு அகப்பட்டது இந்த வேலைதான். வண்டி ஓட்ட அனுமதி உண்டா என்று முதலாளி கேட்டார். ஒரு நாள் அடிப்படைப் பயிற்சிக்குப் போய் வந்தால் சின்ன வண்டி ஓட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். போனார். சாயங்காலம் கையில் ஒரு சான்றிதழோடு திரும்பினார். மறுநாள் காலை வேலையில் சேர்ந்தார்.

அந்தச் சான்றிதழுக்கு இரண்டு வருஷம்தான் உயிர். அதற்குள் பரீட்சை எழுதி முழு உரிமம் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் பழையபடி முதலிலிருந்து, பிரேக் எது, ஹாரன் எது என்கிற இடத்திலிருந்து, முழுப் பயிற்சி நாளையும் திரும்பப் போய் முடிக்க வேண்டும்.

பரீட்சை கம்ப்யூட்டரில். திரையில் கேள்வி வரும், கீழே நாலு பதில் வரும், சரியானதைத் தொட வேண்டும். சீனியர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டி ஒரு கேள்வியை முடிப்பதற்குள் ஓரத்தில் ஓடுகிற கடிகாரம் ஐந்து கேள்விக்கான நேரத்தைத் தின்றுவிடும். இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் பாதியிலேயே நேரம் முடிந்து திரை தானாக மூடிக்கொண்டது. அப்போது மகளுக்குப் பதினாலு வயது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் கேள்விகளை வாசிக்க, இவர் பதில் சொல்லிப் பழகினார். மூன்றாம் நாள், "அப்பா, இதை நேத்தே சொல்லித் தந்தேன்ல, மண்டையில ஏறலையா?" என்று கேட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைக் கேட்டதை அப்படியே விளையாட்டாகத் திருப்பிக் கேட்டாள், அவ்வளவுதான். சீனியர் எழுந்து போய்க் கை கழுவினார். அன்றோடு சரி. கேள்விப் புத்தகம் அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மைதானத்துக்குப் போய் வருவதே தேவலை என்று தோன்றிவிட்டது. அங்கே யாரும் எதையும் வாசிக்கச் சொல்வதில்லை.

ஒன்றைத் தவிர. மைதானத்தில் முதல் காரியமே கண் சோதனைதான். தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அதில் நின்று, இருபது மீட்டருக்கு அப்பால் நிற்கும் வண்டியின் நம்பர் பலகையை வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் மற்றதெல்லாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவது, கூம்புகளுக்கு நடுவே எட்டுப் போடுவது, திடீரென்று நிறுத்துவது, ரோட்டைப் பற்றி ஒரு மணி நேரப் பேச்சு, கடைசியாக நிஜ ரோட்டில் இரண்டு மணி நேரம். ரோட்டில் ஒரு மாஸ்டருக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. அவர் பின்னால் வந்தபடி காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பார். பாஸ், ஃபெயில் என்று எதுவும் கிடையாது. மாஸ்டருக்குத் திருப்தியானால் கையெழுத்து. ஆனால் பலகையை வாசிக்க முடியாதவர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது, அங்கிருந்தே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பலகை எப்போதும் மைதானத்து வேனுடையதுதான். கூம்பும் ஹெல்மெட்டும் ஏற்றிவைக்கிற வெள்ளை வேன், சுவரோரம், மாறாத அதே இடத்தில். எம் கே எட்டு ஒண்ணு மூணு ஆறு. ஆறு தடவை வாசித்த நம்பர். அவருக்குத் தன் பிறந்த தேதியில் சந்தேகம் வரலாம், இதில் வராது.

அதை நம்பித்தான் ஏழாவது முறைக்குத் தயாரானார். போன வருஷத்திலிருந்தே கண்ணில் ஒரு புகை. குளித்துவிட்டு வந்தால் போகும், முகம் துடைத்தால் போகும் என்று பார்த்தார், போகவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடிக்குத் தீராதுங்க, புரை விழுந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி கிண்டி ஓட்டாதீங்க" என்றார். ஆஸ்பத்திரியில் பெயரைச் சொல்லாமல் விசாரித்தார். ஆபரேஷனுக்கு வரிசை ஒன்பது மாதம் என்றார்கள். பெயரைக் கொடுத்தால் ஏட்டில் ஏறும், ஏட்டில் ஏறினால் புதுச் சான்றிதழ் கிடைக்காமல் வண்டி போகும், வண்டி போனால் முதலாளி ஒன்பது மாதம் காத்திருக்கமாட்டார். எனவே ஒரு கணக்குப் போட்டார். முதலில் இந்தத் தடவை சான்றிதழை வாங்கிவிடுவது, கையில் இரண்டு வருஷம் வந்த பிறகு பெயரைக் கொடுப்பது. வீட்டில் மூச்சு விடவில்லை.

ஓட்டுவதில் அவருக்குப் பெரிய சிரமம் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்துத் தெருக்கள். எந்த வளைவில் குழி, எந்தக் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட், எந்த வீட்டு மணியை இரண்டு தடவை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் இருந்தது. போன மாதம் ஒரு நாள் ரோட்டோரத்தில் கிடந்த குப்பைப் பை எழுந்து நடந்தது. குனிந்து செருப்பைத் தேடிய ஒரு கிழவர் அது. அவரைத் தாண்டிப் போய் வண்டியை நிறுத்தி, செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை உட்கார்ந்திருந்தார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் இப்போது பட்டதாரி. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். படித்து முடித்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் விண்ணப்பமாக அனுப்பியதில் ஒரே ஓர் இடத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வீடு வீடாகப் போய்ச் சேதம் பார்த்து எழுதுகிற இன்ஷூரன்ஸ் வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வர வேண்டும், இருசக்கர வண்டி ஓட்ட அனுமதி கையில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"நானும் சனிக்கிழமை போறேன், நீயும் வா. மாஸ்டர் நம்ம ஆளு" என்றார் சீனியர்.

சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. மகளுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிற ஓர் இடத்துக்கு அவளைக் கூட்டிப்போகிறோம் என்ற பெருமை. அந்தப் பெருமை இல்லாமல் வேறு ஒரு நாள் தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு பல தடவை யோசித்தார்.

சனிக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே மொபெட்டில் போய்விட்டார். கேட்டுக்குள் நுழைந்ததும் கண் சுவரோரம் போயிற்று. வெள்ளையாக, பெரிதாக, அதே இடத்தில் நின்றது. மூச்சை விட்டார். மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மூன்றாவதாக, முடிவெட்டும் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்து, கொட்டகைக்குள் ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் அடங்கலையே மாஸ்டர். ஊர்த் தலையெல்லாம் என் கையில அடங்குது, என் தலை அடங்கலை."

"முதல்ல முடிய வெட்டிட்டு வாங்க" என்றார் மாஸ்டர்.

"எனக்கு யாரு வெட்டுவா? அதுக்கு அடுத்த தெருக் கடைக்காரன் கால்ல விழணும்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே மகளை முதலில் கோட்டுக்குக் கூப்பிட்டார். அவள் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தாள்.

"எம், கே. ஆறு, ஒண்ணு, எட்டு, எட்டு."

"ரைட். அடுத்து சீனியர்."

சீனியருக்குச் சுருக்கென்றது. எட்டை ஆறு என்கிறாள், மூன்றையும் ஆறையும் எட்டு என்கிறாள். தூரத்தில் இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததா. பாவம், படித்துப் படித்து இவளுக்கும் கண் போய்விட்டது. மாஸ்டர் தன் முகத்துக்காகத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார். இந்த இடத்தில் பெண்ணுக்கு ஒரு தைரியம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கோட்டில் போய் நின்று, வகுப்பெடுக்கிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எம் கே. எட்டு. ஒண்ணு. மூணு. ஆறு. பாப்பா பதட்டத்துல மாத்திச் சொல்லிடுச்சு மாஸ்டர். நீங்க விட்டுட்டீங்க, அது உங்க பெரிய மனசு."

மாஸ்டர் வேனைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சீனியர்."

இன்னும் வேகமாகச் சொன்னார். முடிக்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீனியர், அந்த வேனை உடைக்கிறதுக்கு அனுப்பி மூணு மாசமாச்சு. இது வேற வேன்."

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"வெள்ளைதான்" என்றார் மாஸ்டர்.

கொட்டகையிலிருந்த முடிவெட்டுகிறவர், தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "சரி, அதை விடுங்க. இப்ப அப்படியே முன்னால நடங்க. எப்ப தெரியுதோ அப்ப நின்னு படிங்க" என்றார்.

சீனியர் நடந்தார். ஐந்து அடி. பத்து அடி. பலகை இருக்கிற இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு, அதற்குள் கறுப்பாக எறும்பு ஊர்வது போல. பாதித் தூரத்தில் நின்று, ஆறு என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார். மகள் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது, வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவளுமே பக்கவாட்டில் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள். அவர் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுவது அவள் உதட்டில் தெரிந்தது. வேனைத் தொட்டுவிடும் தூரம் வந்த பிறகுதான் எண்கள் பிரிந்தன. வாசித்தார். யாரும் ரைட் என்று சொல்லவில்லை.

"போன தடவை பார்த்துச் சொன்னீங்களா, மனப்பாடமா சொன்னீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பார்த்துத்தான்" என்றார். பார்த்தாரா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"தப்பு என் மேலயும்தான். பன்னிரண்டு வருஷமா ஒரே வண்டியைக் காட்டிட்டு இருந்திருக்கேன்." மாஸ்டர் அட்டையில் ஏதோ எழுதினார். "பழைய சான்றிதழ் இன்னும் எத்தனை நாளுக்கு?"

"நாலு நாள் இருக்கு."

"இருக்கட்டும். ஆனா உங்களை வண்டியோட இந்தக் கேட்டைத் தாண்ட விட்டேன்னா நான் மனுஷன் இல்லை."

கேட்டின் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. சீனியர் அதில் போய் உட்கார்ந்தார். ஆறு தடவை வந்தபோதும் அதில் உட்கார்ந்ததில்லை. மைதானத்து ஸ்கூட்டர்கள் இரண்டில் ஒன்று கிளம்ப மறுத்தது. மாஸ்டர் மிதித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் விட்டுவிட்டார். மகள் பெஞ்சுக்கு வந்தாள்.

"சாவி குடுங்கப்பா."

"எதுக்கு?"

"வண்டி எடுக்க."

கொடுத்தார். அதற்கப்புறம் மத்தியானம் வரை, தன் மொபெட் கூம்புகளுக்கு நடுவே எட்டுப் போடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தார் என்று சொல்ல முடியாது. அவளுக்குக் கை படியவில்லை. திருப்பத்தில் தேவையில்லாமல் வேகம் கொடுக்கிறாள், பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போகிறாள், சத்தத்திலேயே தெரிந்தது. எழுந்து சொல்ல வாய் வந்தது. மாஸ்டர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கூம்பு சாய்ந்து உருண்டது.

மத்தியானம் ரொட்டிப் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருக்குப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் மென்றார்கள்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாள்னா?"

"ஒரு வருஷம் இருக்கும். புரையாம். ஆபரேஷனுக்கு ஒன்பது மாசம் வரிசை."

"ஒரு வருஷமா கண்ணு தெரியாம ரோட்ல போய்ட்டு இருக்கீங்க. யாரையாவது அடிச்சிருந்தா?"

"அடிக்கலையே."

"அது உங்க சாமர்த்தியமாப்பா?"

அவருக்குச் சுள்ளென்று வந்தது. "நீயும் ஒரு வருஷமா வீட்லதானே இருந்தே. எதிர்லதானே உட்கார்ந்து சாப்பிட்டே. உனக்குத் தெரிஞ்சுதா? பட்டம் வாங்கின கண்ணுதானே அது?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவள் ரொட்டித் தூளை மடியிலிருந்து தட்டினாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நான் பார்த்தேன்பா. போனைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சீங்க. அம்மாவை டீவி சத்தத்தைக் கூட்டச் சொன்னீங்க. வயசாகுதுன்னு நினைச்சேன். கேட்டா கோவிச்சுப்பீங்கன்னு விட்டுட்டேன். அன்னிக்கு மேஜையில இருந்து எழுந்து போனீங்களே, அதுக்கப்புறம் உங்ககிட்ட எதைக் கேட்கணும்னாலும் எனக்கு..."

சீனியர் அந்த மேஜையை இவள் மறந்திருப்பாள் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தார்.

"அன்னிக்கே பரீட்சையை முடிச்சிருந்தா இந்த மைதானத்துப் பக்கமே வந்திருக்கவேண்டாம்" என்றாள்.

"முடிச்சிருந்தா கண்ணு தெரியாமலே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். யாரும் நிறுத்திக் கேட்டிருக்கமாட்டாங்க" என்றார் அவர்.

அது நிஜம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அதற்குமேல் சண்டை போட ஒன்றுமில்லை.

பிற்பகல் மாஸ்டரோடு மகளும் முடிவெட்டுகிறவரும் ரோட்டுக்குப் போனார்கள். இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். "உங்க பொண்ணு பரவாயில்லைங்க, லாரிக்காரனையே முறைச்சுப் பார்க்குது" என்றார் முடிவெட்டுகிறவர். "உங்க ஹெல்மெட் என்னாச்சு?" என்று சீனியர் கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று. "கழல மாட்டேங்குது. இப்படியே கடையைத் திறக்க வேண்டியதுதான்."

கொட்டகை மேஜையில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டு மகளிடம் சான்றிதழை நீட்டினார். இரண்டு வருஷம், அதற்குள் பரீட்சையை முடிச்சிடும்மா என்றார். முகத்தைச் சீனியர் பக்கம் திருப்பாமலேதான் சொன்னார்.

வெளியே வந்ததும் மகள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"திங்கட்கிழமை காலையில மாத்திரைக்காக எத்தனை வீட்ல காத்திருப்பாங்க?"

"முப்பத்தெட்டு."

"வரிசையாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"உனக்கு அன்னிக்கு நேர்முகம்."

"ஒன்பது மாசம் அந்த இடத்தை யாராவது பிடிச்சு வைக்கணும்ல. முதலாளிகிட்ட நான் பேசறேன். ஆபரேஷன் முடிஞ்சு நீங்க திரும்பிப் போற வரைக்கும்தான்."

"அந்த வேலை?"

"வேற வரும்."

ஒரு வருஷமாக வராதது எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஒரு தகப்பன் அங்கே சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. நீ நேர்முகத்துக்குப் போ, என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவர் அதைச் சொல்லக் காத்திருந்தார், யாரோ வேறொருவர் சொல்லப்போவது போல. முப்பத்தெட்டு வீடு, மாதச் சம்பளம், முதலாளி ஒன்பது மாதம் ஆளில்லாமல் கடை நடத்துவாரா என்பதெல்லாம் வரிசையாக வந்து வாயை அடைத்தன.

"முதல் வீடு பச்சைக் கேட்" என்றார்.

"கதவு எண்?"

"எண்ணெல்லாம் தெரியாது. பச்சைக் கேட். மணி வேலை செய்யாது, தட்டணும்."

எழுதினாள். முப்பத்தெட்டையும் எழுதி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு மொபெட்டின் பின்னால் கட்டியிருந்த சிவப்புப் பெட்டியை அசைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். பழகுகிறவர் வண்டியில் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். எனவே அவர் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

"நேராப் போ. சர்க்கிள்ல வலது பக்கம் பார்த்துட்டுத் திரும்பு."

"தெரியும்பா."

கேட்டைத் தாண்டி ரோட்டில் சேர்ந்தாள். பத்து அடிக்குள் மற்ற வண்டிகளோடு கலந்துவிட்டாள். எது அவள் என்று பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். சீனியர் பஸ் ஏறி வருஷக்கணக்காகிறது. தூரத்திலிருந்து பெரிதாக ஒன்று வந்து நின்றது, நெற்றியில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்ற ஆளிடம், இது எத்தனாம் நம்பர் பஸ் என்று கேட்டார்.

"இவ்வளவு பெரிசா போட்டிருக்கே, தெரியலையா?"

"தெரியலை" என்றார் சீனியர்.